ஆறாவது அம்பு

என் தம்பியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டவள் அவருடைய ஒரே மகள். "பெரியப்பா, நீங்கள்தான் எழுதவேணும். எனக்கு வருகுதில்லை. அப்பாவைப் பற்றி என்னத்தை எழுதினாலும் பொய் மாதிரிக் கிடக்கு" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம் இருக்கவில்லை, களைப்புத்தான் இருந்தது. அந்தக் களைப்பை உண்டாக்கியவன் நான். ஆகவே இப்படியான மலர்களில் நீங்கள் வாசித்துப் பழகிய கட்டுரை போல இது இராது. உறவினரும் நண்பர்களும் பொறுமையோடு கடைசி வரி வரை வாசிக்க வேண்டுகிறேன்.

தம்பி எனக்கு ஏழு வயது இளையவர். நேரில் அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டேன். இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். அந்த மரியாதையை அவர் இருந்தபோதே கொடுத்திருக்க வேண்டும்.

அவர் பிறந்தது வடமராட்சியில், கரவெட்டியில். எங்கள் தந்தையார் தபாலதிபர். தம்பிக்கு ஒன்பது வயதானபோது தந்தையார் காலமானார். அதன்பின் அவருக்குத் தகப்பனும் வாத்தியாரும் நான்தான். புத்தகத்தைத் திறந்தால் அவருக்கு நித்திரை வரும். உளியைக் கொடுத்தால் சாப்பாடும் மறந்து போகும். நான் பட்டம் பெற்றேன், அவர் தச்சு வேலை பழகினார். நான் படிக்க லண்டன் வந்து இங்கேயே தங்கிவிட்டேன். போர் மூண்ட பிறகு அவரும் வந்து சேர்ந்தார்.

குரோய்டனில் இருக்கும் அந்தப் பெரிய குடிவரவு அலுவலகக் கட்டடத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கே கவுண்டருக்கு முன்னால் தம்பிக்கு நாக்கு எழவில்லை. படிவங்களை நான் நிரப்பினேன், அவருக்காக நான் கதைத்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "அண்ணை, நீங்கள் இல்லாட்டி என்ர பேரைக்கூட நான் பிழையாய்ச் சொல்லியிருப்பன்" என்று சிரித்தார். இந்த நன்றியை அவர் கடைசி வரை மறக்கவில்லை. மறந்திருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

பெற்றோல் நிலையத்தில் மூன்று வருடம், பிறகு ஒரு தளபாடப் பட்டறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தார். நாங்கள் வசிக்கும் தோர்ண்டன் ஹீத்தில் பலர் வீட்டுச் சாமியறைகளில் இருக்கும் மரப் பீடங்கள் அவர் கை செய்தவை. அவர் மனைவியை நான் மச்சாள் என்பேன். அவர்கள் மணந்து ஒன்பது வருடம் கழித்து மகள் பிறந்தாள். அவளுக்காக அவர் செய்த தொட்டிலில் ஓர் ஆணிகூட இல்லை.

பட்டறையில் அவரோடு வேலை செய்த ஓர் ஆங்கிலேயர், லண்டனுக்கு வெளியே சறேப் பக்கம் இருந்த வில்வித்தைக் கழகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துப் போனார். அன்றிலிருந்து தம்பிக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. கப்பியும் குறிபார்க்கும் கண்ணாடியும் பூட்டிய நவீன வில்களை அவர் தொடவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் ஒரே மரத்துண்டிலிருந்து தன் வில்லைத் தானே சீவி எடுத்தார். அம்புகளும் மரத்தில்தான், அவற்றுக்கு வாத்து இறகு கட்டினார். ஒவ்வோர் அம்பிலும் மூன்று இறகுகளில் ஒன்று சிவப்பு. ஆறு அம்புகள், தோலில் தைத்த ஒரு அம்புப் பை. அந்தப் பைக்குள் ஏழாவது அம்பை அவர் ஒருபோதும் வைத்ததில்லை.

இந்த நாட்டில் மானை வில்லால் வேட்டையாடுவது குற்றம். பிரான்சில் சட்டம் இடம் கொடுக்கிறது. பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும். தன் வாழ்நாளில் ஒரு பரீட்சையையும் விரும்பாத தம்பி இந்தப் பரீட்சைக்குப் பிரெஞ்சு படித்தார். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, இலையுதிர் காலத்தில், நோர்மண்டியில் ஒரு விவசாயியின் காட்டுக்குப் போய் வந்தார். மரத்தில் பரண் கட்டி ஏறி இருப்பது அவருக்குப் பிடிக்காது. "மேலை இருந்து விட்டால் அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில இருந்து அடிக்கிற மாதிரி. நிலத்தில இருந்தால் அதுக்கும் எனக்கும் ஒரே மூக்கு, ஒரே காது" என்பார். இருபது அடிவைப்புக்கு அப்பால் நிற்கும் மானுக்கு அவர் நாண் இழுப்பதில்லை. எட்டு வருடத்தில் மூன்று மான்களே எடுத்தார். மூன்றும் நூறு அடி ஓடுமுன்னே விழுந்தவை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காற்றின் திசை பார்க்க மற்றவர்கள் மாவுத்தூள் கொண்டு போவார்கள். தம்பி விம்பிள்டன் கோயில் திருநீற்றை ஒரு சிறு போத்தலில் அடைத்துக் கொண்டு போவார். ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையில் உதிர்த்து, அது போகும் வழியைப் பார்ப்பார். காற்று தன்னை நோக்கி வந்தால் மானுக்கு மனித வாடை போகாது. மிஞ்சியதை நெற்றியில் பூசிக்கொள்வார்.

பதினாறு வருடங்களுக்கு முன், அவரோடு வழக்கமாகப் போகும் நண்பர் முதுகு வலியால் வர முடியாமல் போனதால், நான் போனேன். இரண்டு கோடைக்காலம் கொட்டிலுக்கு முன்னால் வைக்கோற்கட்டுக்கு அம்பு விட்டுப் பழகியிருந்தேன். என்னிடம் வேட்டை அனுமதி இல்லை. பக்கத்தில் இருந்து பார்ப்பது என்றுதான் பேச்சு.

தம்பி அந்த முறை ஒரு பிழை விட்டார். கலண்டரில் விடுமுறையைப் பார்த்தவர் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. விவசாயியோடு நாள் பேசி முடித்த பிறகுதான் மச்சாள் கண்டுபிடித்தார். நானும் அவர்கள் குசினியில் இருந்தேன்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் போற அண்டைக்குக் கந்தசஷ்டி துடங்குது."

"இப்ப அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு நான் என்னெண்டு சொல்லுறது? முருகன் கோவிப்பார் எண்டோ?"

"பகிடி விடாதேங்கோ. வருசா வருசம் பிடிக்கிற விரதம். அதோட போய் ஒரு உயிரை எடுத்தீங்களெண்டால் இந்த வாசல்படி மிதிக்க வேண்டாம்."

தம்பி எழுந்து போய் மச்சாளின் தலையில் கை வைத்தார். "உன்ர தலையாணை. போவன், இருப்பன், பாப்பன். நாண் இழுக்கமாட்டன். ஆறு அம்பு போகுது, ஆறும் வரும்."

"எண்ணிப் பாப்பன்."

"எண்ணு."

நான் தேநீரைக் குடித்துக்கொண்டு, விரதம் காட்டிலிருந்து பிடித்தாலும் பலன் உண்டு என்று ஏதோ சொன்னேன். அக்காலத்தில் நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் அதிபர். கோயில் மேடையில் விரத மகிமை பற்றிப் பேசுகிறவன். நானும் விரதம் என்று சொல்லித்தான் வீட்டிலிருந்து புறப்பட்டேன். முதல் நாளே விவசாயி பொரித்துத் தந்த முட்டையைச் சாப்பிட்டேன். தம்பி பார்த்தும் பாராதவராகத் தன் பாலைக் குடித்தார்.

சோளம் வெட்டிய வயலும் ஓக் மரக் காடும் சந்திக்கும் இடத்தில், விழுந்த கிளைகளை மறைப்பாக வைத்து நிலத்தில் இருந்தோம். இரண்டு நாட்கள் மான்கள் வந்தன, போயின. தம்பி வில்லை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். நான் ஒரு தடவை இருமினேன். "அண்ணை, இது மேடையில்லை. தொண்டையைச் செருமினால் இஞ்சை ஒருத்தரும் கை தட்டாயினம்" என்று காதோடு சொல்லித் தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அது எனக்குள் தைத்தது. எனக்கு அறுபத்திரண்டு வயதாகும் வரை நான் சொல்ல அவர் கேட்டவர். அந்தக் காட்டில் அவர் சொல்ல நான் கேட்டேன். என்னை அன்று ஆட்டியது பசியோ வேட்டை வெறியோ அல்ல, அந்தச் சின்ன எரிச்சல்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பதினாறு வருடம் போய்விட்டது. கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. விரதக் களைப்பில் தலை சுற்றுகிறது, ஓடையில் முகம் கழுவிவிட்டு வாறன் என்று சொல்லித் தம்பி எழுந்து போனார். நாண் பூட்டிய வில்லும் அம்புப் பையும் என் பக்கத்தில் இருந்தன. அவர் போய்ச் சில நிமிடத்தில் ஒரு பெண்மான் வயலோரம் வந்தது. அதன் பின்னால் பாதி வளர்ந்த குட்டி ஒன்று. தூரம் முப்பது அடிவைப்புக்கு மேலே இருக்கும். அது தூரம் என்று எனக்குத் தெரியும். குட்டியும் தெரிந்தது, சஷ்டியும் தெரிந்தது. குசினியில் வைத்த சத்தியத்தையும் நான் மறக்கவில்லை. "சத்தியம் செய்தது அவன்தானே" என்று எனக்கு நானே சொன்னது இப்போதும் சொல் மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

நாண் எழுப்பிய சத்தம் ஒரு கதவு மெல்லச் சாத்தியது போல இருந்தது. மான் பாய்ந்து ஓடவில்லை. முதுகைக் கூனி, வயிற்றை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக் காட்டுக்குள் நடந்து போனது. குட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

அம்பு மானை ஊடுருவி அப்பால் மண்ணில் குத்தி நின்றது. போய் எடுத்தேன். அதில் இரத்தம் குறைவு. பச்சையும் மண்ணிறமுமாக ஒரு பசை, குடலின் நாற்றம். தம்பி எனக்குப் பல தடவை சொல்லியிருந்தார். நுரையீரலில் பட்டால் அம்பில் நுரைத்த சிவப்பு இருக்கும், அரை மணித்தியாலத்தில் போய்த் தேடலாம். வயிற்றில் பட்டால் பச்சை. அப்போது ஆறு ஏழு மணித்தியாலம் அசையக்கூடாது. விட்டால் அது கிட்டத்தில் படுத்து அங்கேயே அடங்கும். துரத்தினால் எழும்பிப் போய், கண்டுபிடிக்க முடியாத இடத்தில் நாட்கணக்கில் கிடந்து சாகும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அம்பை அவர் பார்த்தால் நான் எவ்வளவு கேவலமாக விட்டேன் என்று தெரிந்துவிடும் என்ற வெட்கத்தில், அதைப் புல்லில் துடைத்து, இரண்டாக முறித்து, என் கோட்டின் உட்பக்கத்தில் மறைத்தேன்.

தம்பி வந்தார். என் கையிலிருந்த வில்லைப் பார்த்தார்.

"அண்ணை... என்ன செய்தனீங்கள்?"

"ஒரு மான்."

வில்லை என்னிடமிருந்து வாங்கினார். பிறகு, "எங்கை பட்டது?" என்றார்.

"நெஞ்சில."

"வடிவாய்ப் பாத்தனீங்களே?"

"ஓம்."

"அம்பு?"

"காணேல்லை. மானோட போட்டுது."

தம்பி நான் சொன்னதை நம்பினார். வாழ்நாள் முழுக்க நம்பிப் பழகியவர். அரை மணித்தியாலம் காத்திருந்துவிட்டு இரத்தத்தைப் பின்தொடர்ந்தோம். நூற்றைம்பது அடிக்குள் அது படுத்திருந்தது. எங்கள் காலடிச் சத்தத்தில் எழும்பிப் போன சரசரப்பு மட்டும் கேட்டது. அது படுத்திருந்த இலைகளை விரலால் தொட்டு மணந்து பார்த்தார் தம்பி.

"அண்ணை, இது நெஞ்சில்லை."

மழை பிடித்தது. அடிபட்ட மானைத் தேடுவதற்கென்றே அந்த நாட்டில் நாய் பழக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. தம்பி அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டார். வேண்டாம், என்னிடம் அனுமதி இல்லை, விஷயம் வெளியே வந்தால் பள்ளியிலும் கோயிலிலும் என் பெயர் என்னாகும் என்று நான் கெஞ்சினேன். வந்தவர் அம்பு விட்டது யார் என்று கேட்டார். தம்பி தன் நெஞ்சில் விரல் வைத்துக் காட்டினார். நாய் பொழுதுபடும் வரை தேடியது. மறுநாள் வெறும் பாலோடு தம்பி தனியே தேடினார். மானும் கிடைக்கவில்லை. குட்டியையும் பிறகு நாங்கள் காணவில்லை.

வீடு திரும்பினோம். மச்சாள் சூரன்போர் பார்த்துவிட்டு வந்து பட்டுச் சேலையோடு நின்றார். அம்புப் பையை எடுத்து, விளையாட்டாகச் சத்தமாக எண்ணினார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு..." பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தம்பியைப் பார்த்தார். பதினைந்து வயது மகள் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் கோட்டுக்குள் முறிந்த அம்பு விலாவில் குத்தியது.

முதலில் வாய் திறந்தவன் நான். "தம்பிக்குக் கை தவறிட்டுது, பிள்ளை. ஒரு மானில பட்டது. ஆனால் கிடைக்கேல்லை."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு மூத்தவன் எவ்வளவு தூரம் போவான் என்று அளந்து பார்த்தது போல இருந்தது. பிறகு சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார்.

அடுத்த தை மாதம் மச்சாளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொன்னார்கள். நோய்க்கும் அம்புக்கும் தொடர்பில்லை என்று படித்தவன் எனக்குத் தெரியும். நோய் அதற்கு முன்பே இருந்தது என்று வைத்தியரும் சொன்னார். ஆனால் தலையில் வைத்த சத்தியம் என்றால் என்னவென்று நம் ஆட்களுக்குத் தெரியும். உறவுகள் வாய்க்குள் பேசின. மச்சாள் நம்பினார். மகளும் நம்பினாள்.

ஆஸ்பத்திரி நடைவழியில் மச்சாள் சுவரைப் பிடித்தபடி நடந்து வந்ததை ஒரு பிற்பகல் பார்த்தேன். முதுகு கூனி, வயிற்றை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து. அந்த நடையை நான் முன்பே பார்த்திருந்தேன். இன்றைக்கும் தோர்ண்டன் ஹீத் பேருந்துத் தரிப்பில் ஒரு வயதான பெண் குனிந்து நடந்தால் நான் மறுபக்கம் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் ஒரு கதவு மெல்லச் சாத்தப்பட்டால் என் வலக்கை தானாகத் திறக்கிறது.

அன்று கட்டிலருகே மச்சாள் என்னை நேராகக் கேட்டார். "அத்தான், நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்தானே. என்ர தலையில கை வைச்சிட்டு, அவர் உண்மையாய் விட்டவரோ?"

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேசியவன் நான். அன்று என் வாயில் வந்தது இதுதான்: "அதெல்லாம் இப்ப ஏன், பிள்ளை. நித்திரை கொள்ளுங்கோ."

ஒன்பது நாளில் மச்சாள் காலமானார்.

செத்தவீடு முடிந்து ஒரு கிழமைக்குப் பின் கொட்டிலில் தம்பியிடம் போனேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மரத்தை இழைத்துக்கொண்டே சொன்னார். "குரோய்டனில எனக்காக நீங்கள் கதைச்சனீங்கள். இதில உங்களுக்காக நான் கதைக்காமல் இருந்தன். அவ்வளவுதான்." பிறகு சீவுளியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல், "ஆனால் அவளுக்காவது நீங்கள் சொல்லியிருக்கலாம், அண்ணை" என்றார்.

அதன் பிறகு அவர் வில்லுக்கு நாண் பூட்டவில்லை. மகள் பல்கலைக்கழகம் போனவள் மான்செஸ்டரிலேயே வேலை எடுத்துக்கொண்டாள். வருடத்தில் இரண்டு தடவை வருவாள், கோட்டைக் கழற்றாமல் முன்னறையில் இருப்பாள். அவள் போன பின் அவள் குடித்த தேநீர்க் கோப்பையைத் தம்பி கழுவி, துடைத்து, மற்றக் கோப்பைகளோடு சேர்க்காமல் தனியே வைப்பார். வாரம் ஒருமுறை என்னோடு சீட்டு விளையாடினார், என் கண்புரைச் சிகிச்சைக்குக் கூட வந்தார், என் வீட்டுப் படிக்குக் கைபிடி செய்து பூட்டினார். நான் ஒரு நாள் விழுந்துவிடுவேன் என்று அவருக்குப் பயம்.

கடைசி நாட்களில் அவருக்கு இருதயம் களைத்து, நினைவும் தடுமாறியது. யன்னல் சாத்திய ஆஸ்பத்திரி அறையில், ஒரு மத்தியானம், பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து எதையோ உதிர்த்தார்.

"அண்ணை, காத்து எந்தப் பக்கம்?"

"எங்களை நோக்கித்தான் வருகுது."

"அப்ப பயமில்லை. அசையாமல் இருங்கோ."

அசையாமல்தான் இருந்தேன். மறுநாள் காலை அவர் போய்விட்டார்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். தம்பியைத் தங்கள் பிள்ளையைப் போலப் பார்த்த தாதியருக்கும், மகள் வந்து சேரும் வரை கட்டிலருகே இருந்த அடுத்த வீட்டுத் தம்பதியருக்கும், பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்கிய பட்டறை நண்பர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், முப்பத்தொரு நாளும் சமைத்து அனுப்பிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஒரு பொய்யை நம்பி மழையில் நாயோடு பொழுதுபடும் வரை நடந்த, பெயர் தெரியாத அந்தப் பிரெஞ்சு மனிதருக்கும் நன்றி சொல்ல வேண்டியவன் நான்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை மகளிடம் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் வாசிப்பு மெல்லத்தான் ஓடும். விரல் வைத்து வாசித்தாள். முடிந்ததும், பதினாறு வருடம் என் அலுமாரியில் துணியில் சுற்றியிருந்த முறிந்த அம்பை அவள் முன் வைத்தேன். ஒரு இறகு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அவள் என்னை ஏசவில்லை. எழுந்து கொட்டிலுக்குப் போய்த் தகப்பனின் அம்புப் பையைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து எண்ணினாள். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு." முறிந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்தாள். "ஆறு."

பிறகு கேட்டாள்: "ஒரு சொல்லும் வெட்டாமல் இதை அப்படியே பிரிண்ட் பண்ணுங்கோ, பெரியப்பா. ஆனால் அம்மாட்டை இனி ஆர் சொல்லுறது?"

என்னால் இயன்றதை இங்கே செய்கிறேன்.

பிள்ளை, நீங்கள் கட்டிலில் கிடந்து என்னைக் கேட்டீர்கள். அவர் உங்கள் தலையில் வைத்த சத்தியத்தை மீறவில்லை. அம்பை விட்டவன் நான்.